எவடம்?

கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலை, சென்னை வீட்டில் கைபேசியை வைத்துவிட்டுக் கணவர் என்னிடம் வந்து, "அம்மாவுக்கு வருத்தமாம்" என்றார். "ஒரு வாரமா நீங்க கூப்பிடவே இல்லையே, வருத்தம் இல்லாம எப்படி இருக்கும்? இப்பவே கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுங்க" என்றேன். அவர் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தமிழில் வருத்தம் என்றால் நோய். பேசுவது என்றால் திட்டுவது. கொழும்பில் காய்ச்சலோடு படுத்திருந்த தாயைக் கூப்பிட்டு நாலு திட்டுத் திட்டச் சொல்லியிருக்கிறேன்.

2015 கடைசியில் அதே சொல் மறுபடி வந்தபோது எனக்கு உடனே விளங்கியது. இந்த முறை இதயம். அத்தை கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியில், ஓர் அறையில், தன் தங்கையோடு இருந்தார். ஒரே மகன் என் கணவர். எங்கள் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. "போய்த்தான் ஆகணும்" என்று நான்தான் முதலில் சொன்னேன். கும்பகோணத்தில் அம்மாவும் அப்பாவும் வாசலில் நின்று வழியனுப்பியபோதும் எனக்குப் பெரிய பயமில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வருவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். அங்கேயும் தமிழ்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

2016 ஜனவரியில் கட்டுநாயக்காவில் இறங்கினோம். வீடு நுகேகொடையில். கணவருக்கு வேலை கிடைத்த அலுவலகம் அங்கே இருந்தது. வெள்ளவத்தை வாடகை எங்களால் முடியாததாக இருந்தது. வேறு காரணமும் உண்டா என்று நான் அவரைக் கேட்டதில்லை. ஹைலெவல் வீதியிலிருந்து பிரிந்து மிரிஹான பக்கம் போகும் ஒரு சந்து. அதை ஒழுங்கை என்று சொல்லப் பின்னால் பழகிக்கொண்டேன். சிவப்பு சிமெண்ட் தரை, முன்னால் ஒரு ஜம்பு மரம், மதிலுக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர். வீடு கிடைத்துவிட்டது என்று அத்தைக்குச் சொன்னபோது மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "வெள்ளவத்தையில ஒண்டும் கிடைக்கேல்லையோ? நான் அங்கால வரமாட்டன் பிள்ளை. நீங்கள் வந்து என்னைப் பாருங்கோ" என்றார்.

ஏன் என்று இரண்டு நாள் கழித்துக் கணவர் சொன்னார். மகளைத் தோளில் தூங்கவைத்தபடி, இருட்டில், சுருக்கமாகச் சொன்னார். அவர் பிறந்ததே நுகேகொடைதான். அரசாங்க எழுத்தராக இருந்த மாமனார் அங்கே வாடகைக்கு வீடு எடுத்திருந்தார். 1983 ஜூலை 24 இரவு பொரளை கனத்தை மயானத்தருகே தமிழருக்கு எதிராக மூண்ட வன்முறை அடுத்த நாள் நகரம் முழுவதும் பரவியது. இவர்கள் வீடும் எரிந்தது. பின்பக்கச் சிங்களக் குடும்பம் ஒன்று இவர்களைத் தங்கள் குசினிக்குள் ஒளித்து வைத்திருந்து காப்பாற்றியது. பிறகு இரத்மலானை விமான நிலைய முகாம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை, அங்கிருந்து அத்தை பிறந்த மீசாலை. இவருக்கு அப்போது ஆறு வயது. படிக்கச் சென்னைக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். 2000-இல் மீசாலை இருக்கும் தென்மராட்சியில் சண்டை மூண்டபோது அத்தை மறுபடி கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையிலிருந்து நுகேகொடைக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். பதினாறு வருடங்களாக அந்தப் பக்கம் ஒரு தடவையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

என் முதல் மாதங்களை நினைத்தால் காதில் ஒரு பாட்டுக் கேட்கிறது. காலையிலும் சாயங்காலமும் ஒழுங்கைக்குள் பாண் விற்கும் ஆட்டோ வரும். கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்'. ஊர் முழுவதும் அதற்கு 'சூன் பாண்' என்றுதான் பெயர். மகள் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சீனி தூவிய பணிஸ், முக்கோணமாய் மடித்த மீன் பணிஸ், முதலை வடிவத்தில் நீளப் பாண். அவள் வாயிலிருந்து வந்த முதல் சிங்களம் அந்த ஆட்டோவின் பக்கத்தில் நின்று சொன்னதுதான்: "மாமே, ஏக தென்ன." மாமா, அதைத் தாங்கோ. நான் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஊமையாக நின்றேன்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு நாள் மதில் ஓரம் நின்ற மகளிடம், "தாத்தா கோ?" என்று கேட்டார். மகள் உடனே, "தாத்தா கும்பகோணத்துல இருக்கார். இந்தியாவுல" என்றாள். ஆன்ட்டியின் முகம் வாடிவிட்டது. அடுத்த நாள் ஒரு தட்டில் கிரிபத் வந்தது. அதற்கு அடுத்த நாள் பலாக்காய்க் கறி. கணவர் காலையில் இருட்டோடு போய் இருட்டியபின் வருகிறவர் என்பதால் ஆன்ட்டி அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முற்றத்தில் நிற்பதைக் கண்டபின்தான் எல்லாம் வெளிச்சமானது. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. சின்னக் குழந்தையோடு என்னை விட்டுவிட்டுப் போன கணவனை நினைத்து அந்த அம்மாள் இரண்டு வாரம் எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் தட்டு வருவது நிற்கவில்லை.

சனிக்கிழமைகளில் அத்தையைப் பார்க்கப் போவோம். 119-ஆம் இலக்க பஸ்ஸில் தெஹிவளை, அங்கிருந்து காலி வீதியில் 100 ஏறினால் வெள்ளவத்தை. இறங்கியதும் எங்கும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். நகைக்கடை, புடவைக்கடை, பனங்கட்டியும் ஒடியல் மாவும் தொங்கும் பலசரக்குக் கடை. எனக்கு மூச்சு வரும். முதல் சனிக்கிழமை அப்படி ஒரு கடையில் அத்தையோடு நின்றபோது ஒரு முதியவர் என் கணவரைப் பார்த்து, "தம்பி, நீங்கள் எவடம்?" என்றார்.

எவடம். எனக்கு அந்தச் சொல்லே புதிது. எவ்விடம் என்பதுதான் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கேள்வி அல்ல. எந்த மண்ணிலிருந்து வந்தவர் என்று கேட்கிறார்கள். ஊரைச் சொன்னால் அந்த ஊரின் கோயில், பள்ளிக்கூடம், யாருக்கு யார் உறவு, எந்த வருடம் இடம்பெயர்ந்தது என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். கணவர், "மீசாலை" என்றார். முதியவர் அங்குள்ள மாமரங்களில் தொடங்கினார். பிறகு குனிந்து மகளிடம், "பிள்ளை எவடம்?" என்றார். அவள் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்தாள். அத்தை அவளுக்காகப் பதில் சொன்னார்: "மீசாலைதான். தகப்பன்ட ஊர்."

என்னிடம் கேட்டபோது கும்பகோணம் என்றேன். "ஓ, இந்தியா" என்றதோடு பேச்சு முடிந்தது. மரியாதையாகத்தான் முடிந்தது. ஆனால் என் ஊரில் யாருக்கும் யாரும் உறவில்லை. கதவை மூடியதுபோல் இருந்தது எனக்கு.

தமிழ் இருக்கும் இடத்தில் தனிமை இருக்காது என்று எண்ணி வந்தவள், தமிழுக்குள்ளேயே வெளியூர்க்காரியாக நின்றேன். வாரநாளில் மனம் கனத்தால் மகளைத் தூக்கிக்கொண்டு 176 ஏறிவிடுவேன். நாவல, ராஜகிரிய, பொரளை என்று சுற்றி அது கொட்டாஞ்சேனை வரைக்கும் போகும். இறங்கிச் சற்று நடந்தால் பொன்னம்பலவாணேசர் கோயில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் கட்டுவித்தது. வெளியே துறைமுக லாரிகளின் இரைச்சல். உள்ளே போய் நடுப்பகலில் கல்தரையில் வெறுங்காலை வைத்தால் அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலிலிருந்து ஏறும். அது எனக்குத் தெரிந்த குளிர்ச்சி. கும்பேசுவரர் கோயில் பிராகாரத்தில் ஏழு வயதில் ஓடிய கால் அது. மகளைத் தூணோரம் உட்காரவைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வேன்.

நான் வெளியூர்க்காரி என்பதைத் தாள்களும் சொல்லின. மகள் சென்னையில் பிறந்தபோதே அவள் பிறப்பை அங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்திருந்தோம். வம்சாவழியாக அவள் இலங்கைப் பிரஜை. 1948-ஆம் வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் அந்த உரிமை தந்தை வழியாக மட்டும்தான் வந்தது. 2003-இல் திருத்திய பிறகே தாய் வழிக்கும் இடம் கிடைத்தது. எனக்கு வதிவிட விசா. வருடாவருடம் கணவரின் கடிதத்தோடும் கல்யாணப் பத்திரத்தோடும் போய்ப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வரிசையில் என் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அந்த நாடு சொந்தம். அவளை மடியில் வைத்திருந்த எனக்கு அடுத்த முத்திரை வரைக்கும்.

அதே 1948-ஆம் வருடச் சட்டம்தான் மலையகத் தோட்டங்களில் பல தலைமுறை உழைத்த இலட்சக்கணக்கான தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியில் படித்துக் கடந்த விஷயம் அது. நுகேகொடைச் சந்தையில்தான் அதற்கு முகம் வந்தது. காய்கறிக் கடையில் ஒரு பெரியவர், ஹட்டன் பக்கத்துக்காரர். நான் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரும்மா?" என்றார். எவடம் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்பதுபோலக் கேட்டார். சொன்னேன். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தபோது, அவருடைய பெரியம்மா குடும்பம் இந்தியப் பக்கம் விழுந்து கோத்தகிரிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"நீங்க கோத்தகிரி போயிருக்கீங்களா?"

"ஒரு தடவை போயிருக்கேன் ஐயா."

"அங்கயும் தேயிலைதானா?"

"ஆமா. அங்கயும் தேயிலைதான்."

தலையை ஆட்டிக்கொண்டே ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை என் பைக்குள் போட்டார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையில் இருந்த பாஸ்போர்ட்டும் விசாவும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று முதன்முறையாக நினைத்தேன்.

2017 ஜூலையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இலங்கை அதுவரை கண்டிராத டெங்கு வருடம் அது. அந்த ஒரு வருடத்தில் 1,86,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. மூன்றாம் நாள் இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. கணவர் வேலையாகச் சிங்கப்பூரில் இருந்தார். இரவு பதினொரு மணிக்கு ஆன்ட்டி தன் பழைய காரை எடுத்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள். எத்தனை மில்லி குடித்தாள், எத்தனை மில்லி சிறுநீர் போனாள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாதி சிங்களத்தில் வேகமாகக் கேட்பார். காய்ச்சலில் கண் செருகிக் கிடந்த ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளை, "எத்தனை கப் குடிச்சேன்னு கேக்கறாங்கம்மா" என்று எனக்குச் சொல்வாள். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. தன் வலியைச் சொல்ல வேண்டிய பிள்ளை, எனக்குப் புரியவில்லையே என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. இந்த மொழியைப் படித்தே தீருவது என்று அந்தக் கட்டில் ஓரத்தில்தான் முடிவு செய்தேன்.

இரண்டாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தேன். ஆன்ட்டி வீட்டு விறாந்தையில் அத்தை உட்கார்ந்திருந்தார்.

முதலில் என் கண்ணை நம்பவில்லை. வெள்ளைச் சேலை, மடியில் துணியில் சுற்றிய பிளாஸ்க். ஆன்ட்டியோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார். சரளமாக, கையை ஆட்டி ஆட்டி. அவருக்குச் சிங்களம் தெரியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. 34 வருடமாக எங்கே வைத்திருந்தாரோ. என்னைக் கண்டதும் எழுந்து, "பிள்ளைக்கு மல்லி அவிச்சுக் கொண்டந்தனான்" என்றார். ஆன்ட்டியும் உள்ளே போய் ஒரு பிளாஸ்கை எடுத்து வந்தார். அதிலும் அதுவேதான். சிங்களத்திலும் அதன் பெயர் கொத்தமல்லிதான். இரண்டு பிளாஸ்கையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வழியில் அத்தை ஆட்டோவின் பக்கத் திரையை விலக்கி வெளியே பார்த்தபடியே வந்தார். மேம்பாலத்தைத் தாண்டும்போது மட்டும், "இது அப்ப இல்லை" என்றார். மகள் தேறி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாலை, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கோ நடந்துவிட்டு வந்தார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. மகள்தான் சொன்னாள்: "ஒரு போன் கடையைப் பார்த்துட்டே நின்னாங்க. உள்ளே போகல." அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அத்தை எங்களிடம் வரத் தொடங்கினார். 2019-இல் தங்கை காலமானபின் எங்களோடேயே வந்துவிட்டார்.

இதற்கிடையே பள்ளிக்கூடம். நுகேகொடையில் பக்கத்திலேயே நல்ல சிங்களப் பாடசாலைகள் இருந்தன. ஆங்கிலமும் இருந்தது. நாங்கள் தமிழ் மொழிமூலம் என்று முடிவெடுத்தோம். அதற்காக 2018-இலிருந்து தினமும் விடிய ஆறு மணிக்கு வேனில் ஏற்றி அனுப்பினோம். சரிதானா என்று இன்றும் சில இரவுகளில் யோசிப்பதுண்டு. முதலாம் ஆண்டில் ஒரு நாள் அவள் கொப்பியில் 'ரீச்சர்' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவால் அடித்து 'டீச்சர்' என்று திருத்தினேன். மறுநாள் வந்து, "நீங்கதான் பிழை" என்று அழுதாள். அங்கே அப்படித்தான் எழுதுகிறார்கள். ரீச்சர், ரீவி, ரிக்கற். என் சிவப்பு மையை அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து அந்தத் தாள் கிழிந்துபோயிருந்தது. அந்தக் கிழிசலைப் பார்த்தபோதுதான், அவளுக்கு என் தமிழைக் கொடுப்பதாக நினைத்து அவள் தமிழை நான் பறித்துக்கொண்டிருந்தது உறைத்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் என் தமிழிலும் அப்பம்மாவிடம் அவர் தமிழிலும் பேசுவதை ஒரு நாளும் தடுத்ததில்லை.

2022 மார்ச் 31. அன்று மின்வெட்டு மட்டும் 13 மணி நேரம். வாரக்கணக்காக எரிவாயு இல்லை. கணவர் பெட்ரோல் வரிசையில். இருட்டியபின், எங்கள் வீட்டுக்கு மிக அருகே, மிரிஹான பங்கிரிவத்தையில் ஜனாதிபதியின் தனிப்பட்ட வீட்டை நோக்கிச் சனம் திரளத் தொடங்கியது. முதலில் ஒரு முழக்கம். பிறகு அது பெருகிக்கொண்டே வந்தது. ஏதோ வெடிக்கும் சத்தம். பின்னாளில் அது கண்ணீர்ப்புகை என்று அறிந்தோம்.

அத்தை எழுந்தார். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். மேசையில் எரிந்த மெழுகுதிரியை ஊதி அணைத்தார். "ஐடென்ரிகாட், பாஸ்போட் எல்லாத்தையும் எடு பிள்ளை. சின்னவளுக்குச் சப்பாத்தைப் போட்டு விடு" என்றார். குரலில் பதற்றமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவரின் குரல் அது. அதுதான் எனக்கு நடுக்கத்தைத் தந்தது. இருட்டில் அவர் கையைப் பிடித்தேன். பனிக்கட்டியாக இருந்தது.

ஒன்பது வயது மகள் ஜன்னல் இடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள்.

"கரண்ட் இல்லையெண்டு கத்துறாங்கள், அப்பம்மா. காஸ் இல்லையாம். வீட்டுக்குப் போகச் சொல்லிக் கத்துறாங்கள். எங்களை இல்லை."

எங்களை இல்லை. அவளுக்கு யார் 83-ஐச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. அத்தையும் சொல்லியிருக்க மாட்டார். அத்தைக்கு அவளைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். ஆனால் அந்த இரவில் அந்தச் சத்தத்தில் அவருக்கு மொழி கேட்கவில்லை. பேத்தி ஒவ்வொரு முழக்கமாகக் கேட்டுச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். நுகேகொடைப் பொலிஸ் பிரிவுக்கு ஊரடங்கு போட்டார்கள் என்று செய்தி வந்தபோது நள்ளிரவு கழிந்திருந்தது. அத்தை அவள் தலையைத் தடவியபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு தானே எழுந்து மெழுகுதிரியை மறுபடி ஏற்றினார்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் மூவரும் வெள்ளவத்தைக்குச் சாமான் வாங்கப் போனோம். ஏழு வருடத்துக்கு முன் நின்ற அதே கடை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பெண்மணி ஒடியல் மா வாங்கிக்கொண்டு நின்றார். மகளைப் பார்த்து, "வடிவான பிள்ளை. நீங்கள் எவடம்?" என்றார்.

"நுகேகொடை."

"அதில்லைப் பிள்ளை. ஊர் எவடம்?"

மகள் அப்பம்மாவைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மீசாலை என்ற சொல் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தாலும் தப்பில்லை, அதுவும் அவள் ஊர்தான். அத்தை பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "அதுதான் ஊர். நாங்கள் நுகேகொடை" என்றார்.

தெஹிவளையில் 119 கூட்டமாக வந்தது. நடத்துநர் எங்களிடம் வந்து கையை நீட்டினார். நான் சில்லறையை எடுத்து வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு சொன்னார்:

"நுகேகொட துனக்."

நுகேகொடைக்கு மூன்று.